இன்ஜினைத் திறந்தது யார்?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தயாரிக்கும் தொழில். மகனுக்காக, கம்பெனியே போட்டிக்கென்று கட்டி விற்கும் ரேஸ் கார் ஒன்றை 24 லட்சம் கொடுத்து வாங்கினேன். இன்வாய்ஸிலேயே 'போட்டிக்குத் தயார்' என்று எழுதியிருக்கிறார்கள். டெலிவரி எடுத்த அன்று இரவு பைபாஸில் வாலாஜா வரை ஓட்டிப் பார்த்தோம், அருமையாகப் போனது, வீடியோகூட இருக்கிறது. ஆனால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் ஸ்க்ரூட்டினிக்கு, அதாவது போட்டிக்கு முந்தைய பாதுகாப்புச் சோதனைக்குப் போனபோது சீட்டும் பெல்ட்டும் காலாவதி என்று திருப்பி அனுப்பினார்கள். புதிது வாங்கிப் போட்டு, காட்பாடியில் தெரிந்த மெக்கானிக்கிடம் இன்ஜினையும் டியூன் செய்து, நான்காவது மாதம் பயிற்சிக்குப் போனோம். எட்டாவது சுற்றில் இன்ஜின் சீஸ் ஆகி, இறுகி நின்றுவிட்டது. மேனேஜர் போனில் மரியாதையில்லாமல் பேசுகிறார். மகனுக்கு ஒரு சீசனே போய்விட்டது. காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும், மன உளைச்சலுக்கு 10 லட்சமும் வாங்க வேண்டும். போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: மேனேஜர் பேசிய பேச்சையும் போன சீசனையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் மகனின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கு எந்த நீதிமன்றமும் 10 லட்சம் போடாது. உங்கள் வழக்கை முடிவு செய்யப்போவது 'டியூன் செய்து' என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வார்த்தைகள்தான். கம்பெனிக்கு எழுத்தில் புகார் போவதற்கு முன்னால் அந்த இன்ஜினில் கை வைத்தது யார், என்ன செய்தார்? இதற்கு உங்களிடம் நல்ல பதில் இல்லை என்றால், இன்ஜினைப் பொறுத்தவரை வழக்கு இல்லை.

சீட், பெல்ட் சங்கதி வேறு. அவற்றின் லேபிளிலேயே காலாவதித் தேதி இருக்கும். பழைய தரத்தில் வந்த பெல்ட்டுக்கும் சீட்டுக்கும் தயாரித்ததிலிருந்து ஐந்து ஆண்டுதான் ஆயுள். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் பிரிவு 15-ன்படி, சொன்ன விவரணைக்குப் பொருள் பொருந்த வேண்டும். 'போட்டிக்குத் தயார்' என்று எழுதிக் கொடுத்த கார் ஸ்க்ரூட்டினியைத் தாண்டவில்லை என்றால் அது பொருந்தவில்லை. 'லேபிளை நீங்கள் பார்த்திருக்கலாமே' என்று பிரிவு 16-ஐக் காட்டுவார்கள். எழுத்தில் கொடுத்த விவரணையை அது அடித்துவிடாது என்பது என் கருத்து. இன்வாய்ஸின் பின்பக்கத்தில் 'உத்தரவாதம் எதுவும் இல்லை' என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ரேஸ் கார்களை அப்படித்தான் விற்பார்கள், பிரிவு 62 அதற்கு இடம் தருகிறது. கழற்றிய சீட்டையும் பெல்ட்டையும் லேபிள் கிழியாமல் பத்திரமாக வையுங்கள். புதிது வாங்கிய பில் தொகையும் பொருத்திய கூலியும் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இன்ஜினுக்கு வருவோம். டெலிவரி நாளிலேயே குறை இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். அவர்கள் வக்கீல் என்ன சொல்வார் தெரியுமா? "கார் வாலாஜா வரை அருமையாகப் போனது என்று மனுதாரரே சொல்கிறார். பிறகு வெளி மெக்கானிக் ஈசியூ மேப்பிங்கை, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரின் எரிபொருள், தீப்பொறி அமைப்புகளை மாற்றினார். அதன்பின் 3.7 கிலோமீட்டர் ட்ராக்கில் எட்டுச் சுற்று, மொத்தம் 30 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, இன்ஜின் போய்விட்டது." பெட்ரோல் கலவை மெலிந்தாலோ, தீப்பொறி நேரம் முன்தள்ளி இருந்தாலோ பிஸ்டன் போகும். வளைவில் ஆயில் ஒதுங்கி பம்ப் காற்றை இழுத்தால் பேரிங் போகும். முதலாவது உங்கள் மெக்கானிக் தலையில் விழும், இரண்டாவது கம்பெனி வடிவமைப்பின் மேல் விழலாம். உள்ளே எது நடந்தது என்று சொல்லப்போவது அந்த உடைந்த பாகங்கள் மட்டுமே.

நான் அதிகம் பயப்படுவது இங்கேதான். மேல்விஷாரத்திலிருந்து வழக்குப் போட ஒரு கட்சிக்காரர் என்னிடம் வந்தார். தோல் ஷேவிங் மெஷின் வாங்கிய மூன்றாம் மாதம் ரோலர் விரிசல் விட்டது. ஆர்டர் நிற்கக் கூடாதே என்று லேத் பட்டறையில் புது ரோலர் செய்து மாட்டிவிட்டு, பழையதை எடைக்குப் போட்டுவிட்டு, என்னிடம் வந்தார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று நான் நம்பினேன். ஆனால் விசாரணையில் கேட்டது ஒரே கேள்வி: "விரிசல் விட்ட ரோலர் எங்கே?" வழக்கு அதோடு முடிந்தது. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதனால் இன்ஜினை இன்னும் பிரிக்கவில்லை என்றால் பிரிக்காதீர்கள். பிரித்திருந்தால் ஒரு போல்ட் விடாமல் பெட்டியில் போட்டு, வடித்த ஆயிலையும் கேனில் பிடித்து வையுங்கள். ஈசியூவில் பழைய மேப்பிங்கைத் திரும்ப ஏற்றச் சொல்லாதீர்கள், ஆதாரத்தை அழித்ததாகிவிடும். மெக்கானிக்கிடம் என்ன மாற்றினார் என்று தேதியுடன் எழுதி வாங்குங்கள். அவர் தயங்கினால் உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

காரைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் வாங்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நான்கு மாதம் வைத்திருந்து, உங்கள் இஷ்டப்படி மாற்றி, ஓட்டியும் பார்த்துவிட்டீர்கள். பிரிவு 42-ன்படி அது ஏற்றுக்கொண்டதுதான். அதன்பிறகு பிரிவு 13 உங்களுக்கு விட்டுவைப்பது நஷ்டஈடு மட்டும்.

அந்த வீடியோவைப் பற்றி யாரிடமும் பெருமையாகப் பேசாதீர்கள். பதிவு எண்ணும் இன்ஷூரன்ஸும் இல்லாத காரைத் தேசிய நெடுஞ்சாலையில் ஓட்டியது மோட்டார் வாகனச் சட்டப்படி தனிக் குற்றம். அன்று இரவு ஒருவர் குறுக்கே வந்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டீர்கள், என் மனதை உறுத்துவது அதுதான். ரேஸ் காரை ட்ரெய்லரில் மட்டுமே கொண்டு போங்கள். வீடியோவை அழிக்கவும் வேண்டாம், அழித்தால் மறைத்ததாகும்.

எங்கே வழக்குப் போடுவது? 50 லட்சத்துக்குள் என்பதால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம் என்று நினைத்திருப்பீர்கள். இன்வாய்ஸ் யார் பெயரில்? உங்கள் ஷூ நிறுவனத்தின் பெயரில் வாங்கி, கணக்கில் தேய்மானம் கழித்து, காரில் நிறுவனத்தின் பெயரையும் ஒட்டியிருந்தால் 'வணிக நோக்கம், எனவே இவர் நுகர்வோரே இல்லை' என்று முதல் பக்கத்திலேயே ஆட்சேபிப்பார்கள். பொருளை எதற்குப் பயன்படுத்தினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று 1995-ல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே தோற்று சிவில் கோர்ட்டுக்குப் போனால் 24 லட்சத்துக்கு 3 சதவீதம், 72,000 ரூபாய் கோர்ட் கட்டணமே ஆகும்.

போலீஸ் புகார் வேண்டாம். விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட உங்களிடம் எதுவும் இல்லை. மிரட்டுவதற்காகப் புகார் கொடுத்தால் பேச்சுவார்த்தைக் கதவு சாத்திக்கொள்ளும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். சீட், பெல்ட் செலவை முழுதாகக் கேளுங்கள், அதில் இறங்காதீர்கள். இன்ஜினுக்குப் பாகங்களை அடக்க விலைக்குத் தரச் சொல்லி, கூலியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்த சீசனுக்கு வண்டி வெளியே வரும், ஆறு வருடம் ஷெட்டில் சான்றுப்பொருளாக நிற்காது.

அவர்கள் உடனே ஒப்புக்கொள்வதுபோல், "இன்ஜினை ஃபாக்டரிக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்பார்கள். அனுப்பிவிடாதீர்கள். போனது அங்கே அவர்கள் மட்டும் இருக்கப் பிரிக்கப்படும், 'தவறான பயன்பாடு' என்ற ஒரு பக்க அறிக்கையோடு திரும்பும். இரு தரப்பும் இருக்க, வெளி இன்ஜினியர் ஒருவர் முன்னிலையில் வேலூரிலேயே பிரிப்பது என்று நோட்டீஸ் அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை இன்ஜின் உங்கள் ஷெட்டை விட்டு நகரக் கூடாது.