நிஜமான பழைய கார் ஒன்றையே வாங்காமல், சின்ன மாடல் கார்களுக்கு ஏன் இவ்வளவு பணம் செலவழிக்கிறார்கள்?

கேள்வி கேட்ட நண்பர் கூடவே ஒரு விவரமும் எழுதியிருக்கிறார். அவருடைய தம்பி அலமாரி நிறைய மாடல் கார் வைத்திருக்கிறாராம். எல்லாவற்றின் விலையையும் கூட்டினால், ஓடுகிற நிலையில் ஒரு பழைய பத்மினியே வாங்கியிருக்கலாமாம். அந்தக் கணக்கு சரியாகவே இருக்கும். நான் இரண்டும் வைத்திருந்தவன். ஏழு வருடம் ஒரு பிரீமியர் பத்மினி ஓட்டினேன், முப்பது வருடமாக மாடல் கார் சேர்க்கிறேன். ஒன்று இருக்கிறதே, மற்றது எதற்கு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

என் பெரியப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. அவருக்குச் செங்கல்பட்டில் வீடு. வண்டலூர் தொழிற்சாலையில் செய்த கார், அதாவது வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் பிறந்த வண்டி. மார்க் த்ரீ என்ற வகை, நாலு கதவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறப்பார். ஹெரால்டில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முகப்பு முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். உள்ளே இன்ஜினும் சக்கரங்களும் திறந்த வெளியில் நிற்கும். பெரியப்பா முன் டயரின் மேலேயே உட்கார்ந்து கார்பரேட்டரைப் பிரிப்பார். எதிர் டயர் எனக்கு. கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு டப்பா மூடியில் வாங்கி வைப்பது என் வேலை. "ஒண்ணு தொலைஞ்சாலும் வண்டி நகராதுடா தம்பி" என்பார். அப்போது எனக்கு ஏழெட்டு வயது.

அந்தக் காரைப் பற்றிக் கேட்டால் இன்றும் நிறையச் சொல்வேன். வெயிலில் சூடான ரெக்சின் சீட் தொடையைச் சுட்டது, பெட்ரோல் வாசனை, சோக்கை இழுத்ததும் இன்ஜினின் குரல் மாறுவது, எல்லாம். ஆனால் கார் மொத்தமாக எப்படி இருந்தது என்று கேட்டால் தடுமாறிப்போவேன். அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் அதை நான் முழுசாகப் பார்த்ததே இல்லை.

முதல்முறை முழுசாகப் பார்த்தது 1996-இல், என் உள்ளங்கையில். இங்கிலாந்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் அங்கே பழைய சாமான் சந்தையில் வாங்கி வந்த மாடல். கார்கி என்ற பிரிட்டிஷ் பொம்மைக் கம்பெனி செய்த ட்ரையம்ஃப் ஹெரால்டு கூப்பே, இரண்டு கதவு. நம் ஊர் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் என்று பெயர். 1961-இல் வெளிவந்தது. பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தது. நகத்தால் நெம்பினேன், முகப்பு முன்பக்கமாகக் கவிழ்ந்தது. பெரியப்பா வண்டி மாதிரியே. கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

இந்தச் சின்ன அளவில் ஏன் கார் வேறு மாதிரி தெரிகிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இந்த வகை மாடல்கள் ஏறத்தாழ 1:43 அளவு, அதாவது நிஜத்தில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. 3.9 மீட்டர் நீளமுள்ள ஹெரால்டு 9 சென்டிமீட்டராகிவிடும். அதைக் கண்ணிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், நிஜ காரை 13 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அகலமான சாலையின் எதிர்ப்பக்கம் நிற்பது போல. அந்தத் தூரத்தில்தான் ஒரு காரின் உருவக் கோடு முழுதாகக் கண்ணுக்குள் வரும். தெருவில் நமக்கு அந்தத் தூரம் கிடைத்தாலும் நடுவில் நாலு வண்டி நிற்கும். காரை வடிவமைப்பவர்கள்கூட முதலில் சின்ன மாடல் செய்துதான் உருவத்தைத் திருத்துவார்கள்.

இந்த 1:43 என்ற விசித்திரமான எண்ணை யாரும் கார்களுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓ கேஜ் என்ற அளவுப் பொம்மை ரயில்களில் பிரிட்டிஷ் கணக்கு ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. லிவர்பூலில் இருந்த மெக்கானோ கம்பெனி 1930-களில் டிங்கி என்ற பொம்மைக் கார்களைத் தொடங்கியதே ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தி வைக்கத்தான். ரயில் அளவு அப்படியே கார் அளவாகி நிலைத்துவிட்டது.

அந்தக் கார்கி மாடலை மேசையில் வைத்துப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். முகப்பு ஒரு துண்டு, நடு ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு என்று ஹெரால்டு பாகம் பாகமாகச் சேர்க்கப்பட்ட கார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஏன் அப்படி என்று தேடிப் படித்தேன். ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனிக்கு கார் உடல் செய்து கொடுத்துவந்த பர்மிங்ஹாம் கம்பெனி ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லை. அதனால் தனி சேஸி (அடிச்சட்டம்) போட்டு, வெவ்வேறு இடங்களில் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்த உடலை அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கினார்கள். அந்த நெருக்கடிக்குள்தான் இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவானி மிக்கெலோட்டி இவ்வளவு சுத்தமான ஒரு வடிவத்தை வரைந்தார். 1959-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அறிமுகம் செய்தார்கள். பெட்டிகளில் பாகங்களாக அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கும் அந்த அமைப்பு வசதியாகப் போனது. 1961-இல் மெட்ராஸ் ஹெரால்டு வந்தது. நாலு கதவு ஹெரால்டு பின்னால் இந்தியாவில் மட்டும்தான் செய்யப்பட்டது. பெரியப்பா டயர்மேல் உட்கார முடிந்ததற்குப் பின்னால் பர்மிங்ஹாமில் நடந்த ஒரு கம்பெனி விற்பனை இருக்கிறது என்று அன்றுதான் புரிந்தது.

இன்னொரு உதாரணம் சொல்லாமல் விட மனசில்லை. சித்ரோயன் டி.எஸ். 1955 பாரிஸ் கார் கண்காட்சியில் வந்தபோது உலகமே வாய் பிளந்த கார். ஃப்ளாமினியோ பெர்தோனி என்ற இத்தாலியச் சிற்பி வடிவமைத்தது. படங்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பின்பக்கம் ஏன் மீன் போல ஒடுங்குகிறது என்பது மட்டும் பிடிபடவே இல்லை. நோரெவ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி செய்த 1:43 மாடல் கைக்கு வந்ததும் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட நெருக்கமாக இருந்தன. நிஜ காரில் அந்த வித்தியாசம் 20 சென்டிமீட்டர், மாடலில் 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த அளவுக்குள் அதைப் பிசகாமல் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு டி.எஸ். காரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேறு எங்கே வாய்ப்புக் கிடைக்கும்? (நோரெவ் என்பது அதை நடத்திய வேரோன் குடும்பத்தின் பெயரைத் திருப்பி எழுதியது. பிரெஞ்சுக்காரர்களின் இந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கும்.)

சரி, எல்லா மாடலும் இப்படி இருக்காது. நல்ல மாடலையும் சுமாரான மாடலையும் எப்படிப் பிரிப்பது என்று பலர் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கதவு இடுக்கு. நிஜ காரில் 4 மில்லிமீட்டர் இடுக்கு, 1:18 என்ற பெரிய அளவு மாடலில்கூட 0.2 மில்லிமீட்டராக வேண்டும். கதவு திறக்கும் மாடலில் அது நடக்காத காரியம். அதனால்தான் ரெசின் என்ற செயற்கைப் பிசினில் வார்த்த, எதுவும் திறக்காத மாடல்கள் சில சமயம் நிஜத்துக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கின்றன. அடுத்து பெயின்ட். நிஜ காரின் பெயின்ட் அடுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர். அதே கனத்தில் மாடலுக்கு அடித்தால், 1:43 அளவில் 4 மில்லிமீட்டருக்கு மேல் பெயின்ட் பூசியது மாதிரி. ஓரங்கள் எல்லாம் மழுங்கிவிடும். மெட்டாலிக் நிறத்தில் மினுக்குத் துகள் பெரிதாக இருந்தாலும் அப்போதே பொம்மைக் களை வந்துவிடும். கடைசியாக, கார் தரையில் நிற்கிற உயரம். அது தப்பினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

எடையை மட்டும் யாராலும் சின்னதாக்க முடியாது. ஹெரால்டு சுமார் 800 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் 43 பங்கு குறைந்தால் எடை ஏறத்தாழ எண்பதாயிரத்தில் ஒரு பங்காக வேண்டும். அப்படிப் பார்த்தால் மாடல் 10 கிராம்தான் இருக்கணும். துத்தநாகக் கலவையில் வார்த்த மாடல் அதைப்போலப் பல மடங்கு கனக்கும். எனக்கு அந்தக் கனம் பிடித்திருக்கிறது, கையில் வைத்தால் இரும்பைத் தொட்ட நம்பிக்கை வருகிறது.

நிஜ காருக்கு வருகிறேன். என் பத்மினி 1986 மாடல், 1089 சிசி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கியர். அது எனக்குக் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை, காதால் கேட்கக் கற்றுக்கொடுத்தது. இன்ஜினில் தீப்பொறி வரச் செய்யும் பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளி கொஞ்சம் கூடினாலும், வண்டி நின்றபடி ஓடும்போது சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஸ்பேர் வேண்டுமென்றால் சனிக்கிழமை புதுப்பேட்டை. அங்கே ஒரு மெக்கானிக் இருந்தார், நான் வண்டியை நிறுத்தும்போதே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவர் காலமான பிறகு வண்டியைப் புரிந்துகொள்கிற கை கிடைக்கவில்லை. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கணும், அது பெரிய கஷ்டமில்லை. ஆள் இல்லாததுதான் கஷ்டம். நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று தெரிந்த ஒருவருக்குக் கொடுத்தேன். ஒரு நிஜ பழைய கார் என்றால் அதோடு ஒரு மெக்கானிக், ஒரு டிங்கர், ஒரு ஷெட், மழைக்கால ராத்திரிகளின் கவலை எல்லாம் சேர்ந்துதான் வரும். உங்கள் தம்பிக்கு அதெல்லாம் அமைந்தால் தாராளமாக வாங்கட்டும். அலமாரியை மட்டும் அதற்காக விற்கச் சொல்லாதீர்கள்.

நம் ஊர்ச் சாலையில் ஓடிய கார்களுக்கு மாடல் குறைவு. இது என் நீண்ட நாள் ஏக்கம். டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் கார்கள் வெளிவந்தன. அவற்றில் ஜாகுவார் இருந்தது, பென்ட்லி இருந்தது. அம்பாசிடரைச் சென்டி நிறுவனம் பிளாஸ்டிக்கில், பின்னால் இழுத்துவிட்டால் ஓடுகிற பொம்மையாகச் செய்தது. குழந்தைகளுக்கான பொம்மைதான், ஆனால் அந்தக் கூரையின் வளைவைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். 2014-இல் உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்ற வாரம் நான் நாலு வாங்கினேன். நாலு கதவு ஹெரால்டு மட்டும் நான் தேடிய வரை எங்கேயும் கிடைக்கவில்லை.

அதனால் நானே செய்கிறேன். டிங்கியின் இரண்டு கதவு ஹெரால்டு சலூன் மாடல் ஒன்று, பெட்டி இல்லாமல், ஒரு டயர் இல்லாமல், அடிபட்ட நிலையில் கிடைத்தது. நல்ல நிலையில் இருப்பதை வெட்ட எனக்கு மனசு வராது. பெயின்டை உரித்து, கதவுக் கோடுகளை எம்-சீல் வைத்து அடைத்து, ஊசி முனையால் புதுக் கோடுகள் கீறினேன். முதல் முயற்சி கெட்டுப்போனது. முன் கதவை நினைவிலிருந்து வரைந்திருந்தேன். அது நீளமாகிப் பின் கதவுக்கு இடமே இல்லாமல் போனது.

போன வருடம் கோயம்புத்தூரில் ஒருவர் வீட்டில் மார்க் த்ரீ இருப்பதாகத் தெரிந்து, கேட்டுக்கொண்டு போனேன். அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்தைப் பார்த்துவிட்டு அங்கே போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அந்த அம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அளவெடுக்கறக்கா மெட்ராஸ்ல இருந்து வந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். இஞ்ச் டேப்பும் நோட்டுமாக ஒன்றரை மணி நேரம். கதவு, ஜன்னல், நடுத்தூண், கூரையின் சரிவு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் பின் கதவைத் திறந்து மூடினேன். அந்தச் சத்தத்தை நான் நாற்பது வருடத்துக்கு மேலாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை திறந்து மூடினேன். வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, "பானெட்டையும் தொறந்து பாருங்க சார்" என்றார்.

தம்பிக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். அலமாரியில் நேர் வெயில் படக்கூடாது, பெயின்ட் வெளுக்கும், ரப்பர் டயரில் வெடிப்பு விழும். கடையில் சுற்றித் தரும் ஸ்பாஞ்சோடு மாடலை வருடக்கணக்கில் பெட்டிக்குள் வைத்தால், நம் ஊர் ஈரத்தில் அது பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடச் சொல்லுங்கள்.

இப்போது என் ஹெரால்டு சாம்பல் நிற பிரைமரில், அதாவது அடிப்பூச்சில், மேசைமேல் நிற்கிறது. கதவுக் கோடுகள் சரியாக வந்துவிட்டன. நிறத்தில்தான் நிற்கிறேன். அண்ணன் இளம்பச்சை என்கிறான், அக்கா சாம்பல் கலந்த நீலம் என்று அடித்துச் சொல்கிறாள். வீட்டில் இருக்கும் ஒரே படம் கறுப்பு வெள்ளை. கோயம்புத்தூர் வண்டி எப்போதோ மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது. இதைப் படிப்பவர் யாருடைய வீட்டிலாவது மார்க் த்ரீ இருந்தால், டாஷ்போர்டுக்கு அடியிலும் டிக்கி விரிப்புக்குக் கீழேயும் பாருங்கள். மறு பெயின்ட் அடிப்பவர்கள் அங்கெல்லாம் அடிக்க மாட்டார்கள், பழைய நிறம் மிச்சம் இருக்கும். பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள்.