அம்புக்குறி தெரிகிறதா? அப்படியானால் ஃபார்மட் வேண்டாம்

கேள்வி: குடியாத்தத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன் சார். கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10. போன வாரம் ஒரே நாளில் நாலைந்து முறை கரண்ட் போய்ப் போய் வந்தது. மறுநாள் காலை பாஸ்வேர்டு அடித்ததும் திரை முழுக்கக் கறுப்பு. மவுஸ் அம்புக்குறி மட்டும் தெரிகிறது, நகர்த்தினால் நகர்கிறது, வேறு ஒன்றும் இல்லை. சர்வீஸ் கடையில் காட்டினால், பார்த்த மாத்திரத்தில் "ஃபார்மட்தான் சார்" என்கிறார்கள். கெங்கையம்மன் சிரசு திருவிழா நோட்டீஸ், பேனர் டிசைன் எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் கிடக்கிறது. வைகாசி ஒண்ணாம் தேதி நெருங்குகிறது. என்ன செய்யட்டும்?
(குடியாத்தம் வாசகர்)

பதில்: முதலில் ஃபார்மட் என்று சொன்னவரிடமிருந்து கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அம்புக்குறி தெரிகிறது, நகரவும் செய்கிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே பாதி வேலையை முடித்துவிட்டது. மானிட்டர், கேபிள், உள்ளே இருக்கும் விண்டோஸ் எல்லாம் உயிரோடுதான் இருக்கின்றன, இல்லாவிட்டால் அம்புக்குறியே வராது. பாஸ்வேர்டு சரி என்றானதும் விண்டோஸ், எக்ஸ்ப்ளோரர் என்ற நிரலை எழுப்பும். படம், ஐகான்கள், கீழே இருக்கும் டாஸ்க்பார் என்று நம் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் கொண்டுவந்து வைப்பது அதுதான். உங்கள் கம்ப்யூட்டரில் அது எழவில்லை. சாமி உள்ளேயே இருக்கிறது, திரைச்சீலையை விலக்கத்தான் ஆளில்லை.

அந்த ஆளை நாமே கூப்பிடலாம். கறுப்புத் திரையிலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் வரும். வரவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் அழுத்தி அங்கிருந்து எடுக்கலாம். விண்டோஸ் 10-இல் ஃபைல் மெனுவுக்குள், 11-இல் மேலேயே, 'ரன் நியூ டாஸ்க்' இருக்கும். அந்தப் பெட்டியில் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு புள்ளி வைத்து, இ, எக்ஸ், இ என்று மூன்றெழுத்து சேர்த்து என்டர் தட்டுங்கள். பெரும்பாலும் டெஸ்க்டாப் பளிச்சென்று வந்து நிற்கும். வந்த சந்தோஷத்தில் நோட்டீஸ் அடிக்க உட்கார்ந்துவிடாமல், முதல் வேலையாக டிசைன் எல்லாவற்றையும் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் காரணம் சரியாகும்வரை அடுத்த முறை ஆன் செய்யும்போது மறுபடி கறுப்புதான்.

டெஸ்க்டாப் வரவே இல்லை, டாஸ்க் மேனேஜர் மட்டும்தான் வருகிறது என்றாலும் கோப்புகளை எடுக்க வழி இருக்கிறது, இது பல சர்வீஸ்காரர்களுக்கே தெரிவதில்லை. அதே 'ரன் நியூ டாஸ்க்' பெட்டியில் 'பிரவுஸ்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் திறக்கும் சின்ன ஜன்னலில், கீழே 'புரோகிராம்ஸ்' என்றிருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றுங்கள். இடப்பக்கம் டெஸ்க்டாப்பைத் தொட்டால் அதில் இருப்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். வலது கிளிக், காப்பி, அப்புறம் பென் டிரைவுக்குள் போய் பேஸ்ட். அவ்வளவுதான். ஒவ்வொரு கோப்பாக எடுக்க நேரமாகும், பரவாயில்லை.

இனி காரணம். கரண்ட் திடீரென்று போகும்போது விண்டோஸ் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் அதன் கோப்புகள் அரைகுறையாக நின்றுவிடும், உங்களுக்கு இதுதான் என்று சந்தேகம். 'ரன் நியூ டாஸ்க்' பெட்டியில் சி, எம், டி என்று அடித்து, கீழே நிர்வாகி உரிமை கேட்கும் கட்டத்தில் டிக் போட்டு என்டர் தட்டுங்கள். கறுப்பு ஜன்னலில் எஸ்எஃப்சி, ஓர் இடைவெளி, சாய்கோடு, அதோடு ஒட்டியே ஸ்கேன்நவ் என்று அடித்து என்டர் தட்டுங்கள், எல்லாம் ஆங்கில எழுத்தில். கெட்டுப்போன கோப்புகளைத் தேடி மாற்றிவிட்டு வரும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், நடுவில் நிறுத்தாதீர்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால், திரையில் படம் காட்ட உதவும் நிரலான டிஸ்ப்ளே டிரைவர் மேல் கை வைக்கலாம். லாகின் திரையில் பவர் குறியைத் தொட்டு, ஷிஃப்டைப் பிடித்தபடியே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய், மறுபடி ரீஸ்டார்ட் ஆனதும் எண் 4. இது சேஃப் மோடு, அதாவது அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் எழும் முறை. இங்கே டெஸ்க்டாப் ஒழுங்காக வந்தால் டிரைவரோ, கூடவே ஓடத் தொடங்கும் ஏதோ ஒரு நிரலோதான் குற்றவாளி. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள், அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை: பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருக்கும் கம்ப்யூட்டர் இந்த வழியில் போகும்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று போனில் முன்கூட்டியே பார்த்துக் குறித்து வைத்துவிட்டு இறங்குங்கள்.

திருவிழா நம் இதழுக்காகக் காத்திருக்காது என்பதால் இவருக்கு இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிட்டேன். எக்ஸ்ப்ளோரர் முதல் தடவையிலேயே எழுந்துவிட்டது, ஸ்கேன் ஓடியபிறகு தொந்தரவே இல்லையாம். "ஃபார்மட்டுக்குப் பேசிய காசு மிச்சம் சார், அதில் என்ன வாங்கலாம்?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் போட்டு யூபிஎஸ் வாங்குங்கள், வேறென்ன? அதையும் நம்மூர் வெயில் நேரே விழும் ஷட்டர் ஓரத்தில் வைக்காதீர்கள், சூட்டில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அப்புறம், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, கையோடு அதையும் யோசியுங்கள்.

கேள்வி: எங்களுக்கு அம்புக்குறிகூட இல்லை. பாஸ்வேர்டு போட்டதும் மானிட்டரில் 'நோ சிக்னல்' வந்து இருட்டாகிவிடுகிறது.
(சத்துவாச்சாரி வாசகர்)

பதில்: ஹாலில் இருக்கும் டிவிக்கு ஹெச்டிஎம்ஐ வயர் போட்டிருக்கிறீர்களா? போய் அந்த டிவியை ஆன் செய்து பாருங்கள். சிரிக்காதீர்கள், என் சித்தப்பா வீட்டில் மூன்று நாள் இருட்டு மானிட்டரையே முறைத்துக்கொண்டிருந்தோம், டெஸ்க்டாப் ஜம்மென்று டிவியில் உட்கார்ந்திருந்தது. விண்டோஸ் சாவியோடு பி அழுத்தி 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' தேர்ந்தெடுங்கள், அல்லது டிவி வயரைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள்.

கேள்வி: என் லேப்டாப்பில் சத்தம் எல்லாம் வருகிறது, திரைதான் இருட்டு. என்ன சாவி அழுத்தினாலும் மாற்றமில்லை.
(கல்லூரி மாணவி, வாலாஜா)

பதில்: விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பாரும்மா. ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் விண்டோஸ் நன்றாகவே இருக்கிறது, திரைக்குப் பின்னால் எரிய வேண்டிய லைட்தான் எரியவில்லை. முதலில் பிரைட்னஸ் சாவியைக் கூட்டிப் பார், மானிட்டரோ டிவியோ இருந்தால் அதில் இணைத்து புராஜெக்ட் கோப்புகளைக் காப்பி எடுத்துவிடு. அதற்கப்புறம் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோ. அங்கேயும் ஃபார்மட் என்றால் அடுத்த கடை பார்.