கரும்பொருளும் அக்கம்பக்கமும்

அன்புள்ள ஐயா,

டிராகோ என்ற குறுங்கேலக்ஸியின் (சிறிய விண்மீன் கூட்டத்தின்) மையத்தில் கரும்பொருள், அதாவது ஒளிவிடாமல் ஈர்ப்பால் மட்டுமே தெரியவரும் பொருள், அடர்த்தியாக இருக்கிறது, கிரேட்டர் 2 என்ற இன்னொரு குறுங்கேலக்ஸியில் மிகக் குறைவு என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் நம் பால்வீதியைத்தான் சுற்றுகின்றன. கரும்பொருள் எதனோடும் உரசாது என்கிறீர்கள். பிறகு சுற்றுப்புறம் அதை எப்படி மாற்றும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உரசாது, சரி. ஆனால் ஈர்ப்புக்குக் கட்டுப்படும். பால்வீதி ஒரு குறுங்கேலக்ஸியின் அருகுப் பக்கத்தை அதிகமாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது. கடலில் ஓதம் (நீர்மட்டம் ஏறி இறங்குவது) எழுவதும் இதே வித்தியாசத்தால்தான். விண்மீன்கள் நடுவில் ஒடுங்கிக் கிடக்க, கரும்பொருள் அவற்றைத் தாண்டி வெகுதூரம் பரந்திருக்கும். அதனால் முதலில் உரிந்து போவது வெளிப்புறக் கரும்பொருள். அதில் பெரும்பகுதி போன பிறகுதான் விண்மீன்களுக்கே ஆபத்து வருகிறது.

2016-இல் கண்டறியப்பட்ட கிரேட்டர் 2-இன் குறுக்களவு சில ஆயிரம் ஒளியாண்டுகள். ஆனால் அதன் விண்மீன்களின் வேகச் சிதறல், அதாவது அவற்றின் வேகங்கள் ஒன்றுக்கொன்று மாறுபடும் அளவு, நொடிக்கு வெறும் 3 கிலோமீட்டர் அளவுதான். அவற்றைப் பிடித்துவைக்கும் நிறை அவ்வளவு குறைவு. நீள்வட்டப் பாதையில் பால்வீதியை நெருங்கி நெருங்கிப் போனதில் தன் கரும்பொருளில் பெரும்பகுதியை இழந்திருக்க வேண்டும் என்பதே பலரின் கணிப்பு.

டிராகோவும் நெருங்கி வருகிறதே என்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பெரிய விண்மீன்கள் சூப்பர்நோவாக்களாக வெடித்து வாயுவைத் திரும்பத் திரும்ப வெளியே தள்ளும்போது மையத்தின் ஈர்ப்பு ஏறி இறங்கும். அந்த ஆட்டத்தில் கரும்பொருளும் மெல்ல விலகி மையம் தளர்ந்துவிடும். ஃபோர்னாக்ஸ் என்ற குறுங்கேலக்ஸியில் விண்மீன்கள் நெடுங்காலம் பிறந்துகொண்டே இருந்தன. அதன் மையம் டிராகோவைவிடத் தளர்வானது. டிராகோவிலோ சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்பே விண்மீன் பிறப்பு நின்றுவிட்டது. மையம் இறுக்கமாகவே இருந்துவிட்டதால் ஓத விசையால் அதை எளிதில் கலைக்க முடியவில்லை.

இங்கே சுற்றுப்புறம் இன்னொரு வழியிலும் நுழைகிறது. பால்வீதியைச் சூழ்ந்த வெப்ப வாயுவுக்குள் பாயும் குறுங்கேலக்ஸி, எதிர்க்காற்றில் சிக்கியதுபோல் தன் வாயுவை இழக்கும். வாயு போனால் புது விண்மீன்கள் பிறக்காது, வெடிப்புகளும் ஓய்ந்துவிடும். ஆக, ஒரே அண்டைவீடு வெளிப்புறத்தை உரிக்கவும் செய்யும், மையம் தளராமல் காக்கவும் செய்யும். இந்த இரண்டாவது பாதையைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்று நினைக்கிறேன்.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. தளர்ந்த மையத்தோடு மிக நெருங்கி வந்தவை ஏற்கெனவே கரைந்துபோயிருக்கலாம். நாம் எண்ணுவது தப்பியவற்றை மட்டுமே. அதனால்தான் டபிள்யூஎல்எம் (WLM) போன்ற தனித்த குறுங்கேலக்ஸிகள் முக்கியம். சுமார் 30 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் தனித்திருக்கும் அதில் இன்னும் வாயு இருக்கிறது, விண்மீன்கள் பிறக்கின்றன. பக்கத்தில் பெரிய கேலக்ஸி எதுவும் இல்லை. அதன் மையத்தில் என்ன மாறியிருந்தாலும் அதற்கு அண்டைவீட்டை எளிதில் காரணம் சொல்லிவிட முடியாது.

அன்புடன்.