ஓகே பிறந்த கதை: கேள்வி பதில்

‘ஓகே’ எதன் சுருக்கம்?

‘ஆல் கரெக்ட்’. எழுத்து பொருந்தவில்லையே என்பீர்கள். வேண்டுமென்றே செய்த பிழை அது. 1830களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகைக்காரர்களுக்குச் சொற்களைச் சுருக்கி எழுதும் பைத்தியம் பிடித்திருந்தது. அதிலும் எழுத்துப்பிழையோடு சுருக்குவது தனி ருசி. ‘ஆல் ரைட்’ (oll wright) ஓ.டபிள்யூ. ஆனது, ‘நோ கோ’ (know go) கே.ஜி. ஆனது. அதே விளையாட்டில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஓவும், சி இருக்க வேண்டிய இடத்தில் கேயும் உட்கார்ந்தன. 1839 மார்ச் 23 அன்று ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ ஓ.கே. என்று அச்சிட்டு, ‘ஆல் கரெக்ட்’ என்ற விளக்கத்தையும் கூடவே கொடுத்தது. பழைய பத்திரிகைகளைப் புரட்டி இதை நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆலன் வாக்கர் ரீட். 1963, 64இல் அவர் எழுதிய கட்டுரைகளை அவசியம் படியுங்கள். சொல்லாராய்ச்சி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மற்ற சுருக்கங்கள் மறைந்தபோது இது மட்டும் தப்பியது எப்படி?

தேர்தலால். 1840இல் அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடி போட்டியிட்டார். சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக் என்பதால் ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ என்ற பெயர் அவருக்கு. ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப் தொடங்கினார்கள். எதிரணியோ, முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர் கிறுக்கியதுதான் ஓ.கே. என்று கதை கட்டியது. வான் பியூரன் தோற்றார். சொல் நாடு முழுக்கப் பரவியது. அப்புறம் தந்திக்காரர்கள் அதை விடவில்லை.

போரில் ஒருவரும் சாகாத நாளில் ‘ஜீரோ கில்டு’ என்று எழுதியதுதானே ஓகே?

இல்லை. அந்தக் கதையில் வரும் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதே 1861இல்.

அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினரின் ‘ஓகே’ (okeh) இதைவிடப் பழையதாயிற்றே?

நல்ல கேள்வி. ‘அப்படித்தான்’ என்று அழுத்திச் சொல்லும் சொல் அந்த மொழியில் உண்மையிலேயே உண்டு. அதிபர் உட்ரோ வில்சன் இதை நம்பி, அந்த எழுத்துக்கூட்டலிலேயே எழுதினார். ஆனால் ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: எழுத்தில் முதலில் எங்கே, எந்தத் தேதியில், என்ன பொருளில் வந்தது என்று பாருங்கள்.

பேச்சில் இருந்ததைப் பத்திரிகை பின்னால் எடுத்திருக்கலாமே? பழங்குடியினர் பேச்சை யார் அச்சடித்தார்கள்?

நியாயமான வாதம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்களின் வொலோஃப் மொழிதான் ஓகேயின் மூலம் என்று வாதிடுபவர்களும் இதையே சொல்கிறார்கள். அச்சில் இடம் கிடைக்காதவர்களின் மொழியை அலட்சியம் செய்யக் கூடாது, அதை ஏற்கிறேன். ஆனால் எல்லோரும் பேசிய சொல்லுக்கு அந்தப் பத்திரிகை விளக்கம் தந்திருக்குமா? அதோடு, ஓ.டபிள்யூ., கே.ஜி. என்ற உடன்பிறப்புகளுக்கு எந்த மொழியில் வேர் தேடுவீர்கள்? சாக்டாவிலிருந்து பாஸ்டனுக்கு வந்த தடம் ஒன்றைக் காட்டுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

‘எல்லாம் நலம்’ என்று பொருள்படும் கிரேக்க ‘ஓலா கலா’? ஓபதையா கெல்லி என்ற ரயில்வே குமாஸ்தாவின் கையெழுத்து?

இரண்டுக்கும் அதே பதில். தேதியோடு வாருங்கள்.

‘ஜீரோ கில்டு’ என்றுதான் எங்கள் ஆசிரியர்...

மேலே சொல்லிவிட்டேன்.

ஓகே (Okeh) ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம்?

அது 1918இல் ஆட்டோ கே. இ. ஹைன்மன் தொடங்கியது. அவருடைய முதலெழுத்துகளை வைத்துப் பாருங்கள்.