டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு கார் ஸ்டார்ட் ஆகவில்லை: பம்ப்பை மாற்றும் முன் மார்க்கைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2009 சான்ட்ரோ ஜிங், பெட்ரோல். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார். ஏலகிரிக்குப் போகுமுன் டைமிங் பெல்ட்டை மாற்றிவிடலாம் என்று குடியாத்தத்தில் ஒரு ஷெட்டில் விட்டேன். மாற்றியதிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை, ஆனால் செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது. பெட்ரோல் பம்ப் போயிருக்கும் என்கிறார் மெக்கானிக். நாளை தள்ளி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்கிறார். சரியா?

பதில்: தள்ள வேண்டாம். செல்ஃபும் இனி அடிக்க வேண்டாம். பிஸ்டன்களோடு இணைந்த க்ராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் சுற்ற வைப்பதுதான் டைமிங் பெல்ட். அது சில பல் தவறி உட்கார்ந்திருந்தால், பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு திறந்து நிற்கலாம். இரண்டும் மோதினால் வளைவது வால்வுதான். கியரில் போட்டுத் தள்ளும்போது காரின் மொத்த எடையும் அந்த மோதலுக்குப் பின்னால் நிற்கிறது. உங்கள் எஞ்சினும் வால்வு வளையக்கூடிய வகை என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

பெல்ட்டை மாற்ற நினைத்ததில் தவறே இல்லை. வேலூர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் காயும், வழியில் அறுந்திருந்தால் செலவு பல மடங்கு ஆகியிருக்கும். கார் ஷெட்டுக்குள் தானே ஓடிப் போனது என்பதுதான் இங்கே பெரிய தடயம். அன்றுவரை வேலை செய்த பம்ப் அதே நாளில் போவது அபூர்வம். சந்தேகம் இருந்தால் சாவியை ‘ஆன்’ நிலைக்கு மட்டும் திருப்பிப் பின் சீட் பக்கம் காது கொடுங்கள். ஓரிரு விநாடி ‘ம்ம்ம்’ என்று சத்தம் வந்தால் பம்ப் ஓடுகிறது. முதலில் பார்க்க வேண்டியது, கை பட்ட இடங்களைத்தான்.

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கவலை. நல்ல எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது செல்ஃப் லேசாகத் திணறும், அந்தத் தாளம் காதுக்குத் தெரியும். ‘விர்ர்’ என்று தடையில்லாமல் சுற்றினால் அந்த அமுக்கம், அதாவது கம்ப்ரஷன், இல்லை என்று பொருள். பெல்ட்டைச் சரியான நிலையில் மாட்டுவதற்கான மார்க் தவறியிருக்கலாம், வால்வும் ஏற்கெனவே வளைந்திருக்கலாம். தாளம் வழக்கம்போல் இருந்து ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை என்றால் கவலை குறைவு. க்ராங்க் சுற்றுவதை எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் க்ராங்க் சென்சாரின் கனெக்டரை மாட்ட மறந்திருக்கலாம், கழற்றிய எர்த் கம்பி விட்டுப்போயிருக்கலாம். ஆர்பிஎம் முள் உள்ள மாடலாக இருந்து, செல்ஃப் அடித்தபோது முள் துளியும் அசையவில்லை என்றால் சென்சார் பக்கம்தான் முதலில் போக வேண்டும். சில எஞ்சின்களில் க்ராங்க் பல்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தகட்டைத் திருப்பி மாட்டினாலும் சிக்னல் வராது.

இனி மார்க். கவரை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம், ‘அண்ணே, ஒரு தடவை மார்க்கைச் சேர்ந்து பார்த்துடலாம்’ என்றால் போதும். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, க்ராங்க் போல்ட்டில் ராட்செட் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். இடையில் கெட்டியாகத் தட்டி நின்றால் அழுத்தவே கூடாது, அங்கே வால்வும் பிஸ்டனும் தொடுகின்றன. க்ராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும். ஆகவே க்ராங்க் இரண்டு முழுச் சுற்று சுற்றிய பிறகு க்ராங்க் மார்க்கும் கேம் மார்க்கும் ஒரே நேரத்தில் நேராக வந்து நிற்க வேண்டும்.

வெளிப் புல்லியில் இருக்கும் கோட்டை நம்பி மார்க் வைப்பது பல ஷெட்டுகளில் நடக்கிறது. அது இக்னிஷன் டைமிங் பார்க்கத்தான். பெல்ட்டுக்கான க்ராங்க் மார்க், உள்ளே க்ராங்க் பல்சக்கரத்திலும் அதன் எதிரே எஞ்சின் பாடியிலும் இருக்கும். இன்னொன்று டென்ஷனர், அதாவது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சக்கரம். டென்ஷனர் இல்லாத பக்கம் பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும், தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் வர வேண்டும். மாறிப்போனால், இறுக்கும்போது கேம் நகர்ந்துவிடும். க்ராங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருந்தால் ஒரு பல் தவறுவது 18 டிகிரி. ஒரு பல்லுக்குப் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் இழுவை இருக்காது. இரண்டு மூன்று தவறினால் ஸ்டார்ட் ஆவதே கடினம்.

மார்க் சரியாக வைத்த பிறகு, செல்ஃப் அடிக்கலாம். ஆனால் பிளக் துளையில் மாட்டி அமுக்கத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜோடு. நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். பலமுறை செல்ஃப் அடித்ததில் பிளக் பெட்ரோலில் நனைந்திருக்கும், துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். ஏதாவது ஒன்றில் முள் ஏறவே இல்லை என்றால் அந்தச் சிலிண்டரில் அனேகமாக வால்வு வளைந்திருக்கிறது. அப்போது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். ஹெட் வேலையை வேலூரில் நல்ல லேத் பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள். வளைந்த வால்வைத் தட்டி நிமிர்த்த ஒப்புக்கொள்ளாதீர்கள், புதிய வால்வும் புதிய ஹெட் கேஸ்கெட்டும்தான் போட வேண்டும். எந்த வால்வு வளைந்தது என்று கழற்றியதும் கையில் வாங்கிப் பாருங்கள். கூலியை யார் ஏற்பது என்ற பேச்சை அப்போது தொடங்கினால் போதும்.