கருவில் முகம் கூடும் நாட்கள்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

வேலூரில் மருத்துவ மாணவர்களுக்குக் கருவளரியல் கற்பித்து வருகிறேன். முகம், அண்ணம், கழுத்து ஆகியவை கருவில் உருவாகும் விதம் குறித்துச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். வாரக் கணக்கு வரும் இடங்களிலெல்லாம் கரு உருவான நாளிலிருந்து எண்ணியிருக்கிறேன். மருத்துவமனைச் சீட்டில் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பதால், சீட்டோடு ஒப்பிடுவோர் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளவும்.

கேள்வி (குடியாத்தத்திலிருந்து ஒரு பாட்டி): என் மருமகள் ஐந்தாம் மாதம் சுமந்திருந்தபோது கிரகணம் வந்தது. சொல்லியும் கேளாமல் அரிவாள்மனையில் காய் நறுக்கினாள். பேரன் பிளந்த உதட்டோடு பிறந்திருக்கிறான். தெருவில் மூளி என்கிறார்கள். அன்று நறுக்கியதால் வந்ததுதானே இது?

இல்லை, அம்மா. ஐந்தாம் மாதத்துக் கிரகணத்தால், இரண்டாம் மாதத்திலேயே முடிந்துவிட்ட ஒரு வேலையைக் கெடுக்க முடியாது.

முகம் ஒரே துண்டாக வளர்வதில்லை. நான்காம் வாரத்தில், கரு ஒரு மிளகின் அளவே இருக்கும்போது, பின்னாளில் வாயாகப் போகும் சிறு குழியைச் சுற்றி ஐந்து மேடுகள் எழுகின்றன: மேலே நெற்றிக்கும் மூக்குக்குமாக ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. முதுகுப்புறத்தில் நரம்புக் குழாயின் விளிம்பிலிருந்து புறப்பட்டு நகர்ந்து வரும் உயிரணுக்கள்தாம் இம்மேடுகளை நிரப்புகின்றன. ஐந்தாம் வாரத்தில் மூக்குத் துளைகளின் இருபுறமும் மடிப்புகள் உயர்கின்றன. ஆறாவது, ஏழாவது வாரங்களில் மேல்தாடை மேடுகள் இரண்டும் நடுவை நோக்கி வளர்ந்து, மூக்கின் உள்மடிப்புகளோடு ஒட்டிக்கொள்கின்றன. மேலுதடு அப்போதுதான் முழுமை பெறுகிறது. உங்கள் மூக்குக்குக் கீழே மேலுதட்டின் நடுவில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறதல்லவா, அதன் இரு கரைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். அந்தச் சேர்க்கை நடந்த இடம் அதுவே.

உங்கள் பேரனுக்கு ஒரு பக்கத்துக் கரை மற்றதை எட்டவில்லை. ஆகவே அது வெட்டுமன்று, கிழிசலுமன்று. சேர வேண்டியவை சேராமல் நின்ற இடம். கத்தியால் வந்த காயமென்றால் கன்னத்திலோ கீழுதட்டிலோ எங்கு வேண்டுமானாலும் விழுந்திருக்க வேண்டும். ஆனால் எந்த நாட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டாலும் உதட்டுப் பிளவு பெரும்பாலும் அந்த நடுப்பள்ளத்தின் ஓரத்தில்தான் வருகிறது. உலகெங்கும் ஏறத்தாழ 700 முதல் 1000 பிறப்புகளுக்கு ஒன்றில் உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு காணப்படுகிறது. உதட்டுப் பிளவு ஆண் குழந்தைகளிடம் கூடுதல், இடப்பக்கத்தில் கூடுதல். மரபணுக்களும் கருவின் சூழலும் சேர்ந்து காரணமாகின்றன. பல குழந்தைகளுக்கு இன்னதுதான் என்று ஒன்றைச் சுட்ட இயலாது. மூளி என்பது விளிம்பு உடைந்த பானைக்குச் சொல்லும் சொல். அதைக் குழந்தைக்குச் சூட்ட விடாதீர்கள். மருமகளிடம் அந்தக் கிரகணத்தைப் பற்றி இனி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். உதட்டை ஏறத்தாழ மூன்று மாத வயதில், குழந்தையின் எடையும் இரத்த அளவும் போதுமானதாக இருப்பதைப் பார்த்துத் தைத்துவிடுவார்கள்.

கேள்வி (அணைக்கட்டுப் பகுதியில் பணிபுரியும் கிராமச் செவிலியர்): உதடு நன்றாக இருக்கும் குழந்தைக்கு மூக்கு வழியாகப் பால் வந்தது. பத்து நாள் கழித்துத்தான் அண்ணத்தில் பிளவு இருப்பதைக் கண்டோம். உதடு சேர்ந்தும் அண்ணம் மட்டும் எப்படிச் சேராமல் போகும்?

இரண்டும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு வழியில் உருவாகின்றன. மேலுதட்டின் நடுப்பகுதியும், மேல்வரிசை முன்பற்கள் நான்கைத் தாங்கும் சிறு முக்கோணமும் ஒரே தொகுதியாக முதலில் உருவாகிவிடுகின்றன. மீதி அண்ணம் முழுவதும் மேல்தாடையின் உட்புறத்திலிருந்து வளரும் இரண்டு தட்டுகளால் ஆனது. ஆறாம் வாரத்தில் தோன்றும் இத்தட்டுகள் முதலில் நாக்கின் இருபுறமும் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கின்றன. கீழ்த்தாடை வளர்ந்து நாக்கு தாழ இறங்கியதும், ஏழாம் எட்டாம் வாரங்களில் மேலெழுந்து கிடைமட்டமாகின்றன. பின்பு முன்னிருந்து பின்னாக ஒட்டிக்கொண்டே போய், பன்னிரண்டாம் வாரத்தில் உள்நாக்கில் முடிகின்றன. பெண் கருவில் இந்த ஒட்டுதல் ஏறக்குறைய ஒரு வாரம் தாமதிக்கிறது. அண்ணம் மட்டும் பிளந்திருப்பது பெண் குழந்தைகளிடம் கூடுதலாக இருப்பதற்கு அதைக் காரணமாகச் சொல்வதுண்டு. கீழ்த்தாடை மிகச் சிறுத்துப்போனால் நாக்கு இறங்க இடமின்றித் தட்டுகளுக்கு நடுவிலேயே தங்கிவிடும். அக்குழந்தைகளுக்கு அகன்ற பிளவோடு மூச்சுத் திணறலும் இருக்கும் என்பதால், மல்லாக்கப் படுக்க வைக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பத்து நாள் தாமதம் உங்கள் தவறு மட்டுமன்று. விரலால் தடவிப் பார்ப்பதோடு நிறுத்திவிடும் பழக்கத்தால் மென்மையான பின் அண்ணத்துப் பிளவு பலமுறை தப்பிவிடுகிறது. பிறந்த அன்றே நாக்கை அழுத்தி, டார்ச் வெளிச்சத்தில் உள்நாக்கு வரை பார்க்க வேண்டும் என்று நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது இதற்காகத்தான். தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, சங்கடையால் சிறுகச் சிறுகப் புகட்டச் சொல்லுங்கள். அண்ணத்தை மூடும் அறுவை சிகிச்சையைப் பெரும்பாலும் 9 முதல் 18 மாதத்துக்குள், பேச்சு நிலைபெறும் முன்பே செய்கிறார்கள். மூடாத அண்ணத்தில் காற்று மூக்கு வழியே கசிவதால் பகரம் மகரமாகிவிடும். அக்குழந்தை ‘பாப்பா’ என்று சொல்ல முயன்றால் நம் காதில் ‘மாமா’ என்று விழும். நடுக்காதுக்குக் காற்று அனுப்பும் குழாயைத் திறக்கும் தசையும் அண்ணத்தைச் சேர்ந்ததே ஆகையால், காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறையலாம். காதுப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் இப்பிளவு இடம்பெற்றிருப்பதால், பரிந்துரைக்க வழியும் இருக்கிறது.

கேள்வி (இராணிப்பேட்டையிலிருந்து ஒரு தாய்): முதல் பிள்ளைக்கு உதட்டுப் பிளவு. என் கணவர் என் சொந்தத் தாய்மாமன். அடுத்த பிள்ளைக்கும் வருமா? கருவுற்றதும் மாத்திரை தொடங்கினால் போதுமா?

பெற்றோருக்குப் பிளவு இல்லாமல் ஒரு குழந்தைக்கு இருந்தால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு பொதுவாக 100க்கு 3 முதல் 5 வரை. தாய்மாமனும் மருமகளும் தம் மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதால், உங்களுக்கென்று தனியே கணக்கிட மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது.

இரண்டாவது கேள்விக்கு: போதாது. நாள் தள்ளிப்போனதை உணர்ந்து, சில வாரம் பொறுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து மாத்திரை வாங்குவதற்குள் குழந்தையின் உதடு உருவாகி முடிந்திருக்கக்கூடும். போலிக் அமிலத்தைக் கருவுற எண்ணும்போதே, குறைந்தது ஒரு மாதம் முன்பாகத் தொடங்க வேண்டும். வழக்கமான அளவு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம், உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். முதுகெலும்புப் பிளவைத் தடுப்பதில் அதன் பயன் ஐயமற்றது. உதட்டுப் பிளவில் அந்த அளவுக்கு உறுதியான சான்று இல்லை, ஆனாலும் விடக் கூடாது. புகையிலை, மது இரண்டும் கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் முன்னதாகவே கட்டுக்குள் வர வேண்டும். வலிப்பு மாத்திரைகளில் சில, குறிப்பாக வால்ப்ரோயேட், பிளவுக்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் தாமாக நிறுத்தினால் வலிப்பே தாயையும் கருவையும் ஆபத்துக்குள்ளாக்கும். மாற்று மருந்தைப் பற்றிக் கருவுறுமுன் கேளுங்கள்.

கேள்வி (ஆம்பூரிலிருந்து ஒரு தந்தை): எட்டு வயது மகனின் கழுத்து நடுவில் ஒரு கட்டி. நாக்கை நீட்டினால் அது மேலே ஏறுகிறது.

தைராய்டு சுரப்பி பிறப்பது கழுத்தில் அன்று, நாக்கின் அடியில். நான்காம் வாரத்தில் அங்கிருந்து புறப்பட்டு, நாவடி எலும்பின் முன்புறமாக இறங்கி, ஏழாம் வாரத்தில் தன் இடத்தை அடைகிறது. வந்த வழியிலிருந்த நூல் போன்ற குழாய் மறையாமல் நின்றால் அதில் நீர் சேர்ந்து கட்டியாகும். நாக்கோடு அதன் பிடிப்பு அறுபடாததால் கூடவே ஏறுகிறது. உங்கள் மகனுக்கு இருப்பது பெரும்பாலும் அதுவே. அறுவைக்கு முன் ஸ்கேன் எடுத்து, தைராய்டு தன் இடத்தில் தனியாக இருப்பதை உறுதிசெய்யச் சொல்லுங்கள். அரிதாக அந்தக் கட்டியே ஒரே தைராய்டாக இருந்துவிடும். 1920இல் சிஸ்ட்ரங்க் என்ற அறுவை மருத்துவர் விவரித்த முறைப்படி நாவடி எலும்பின் நடுத்துண்டையும் சேர்த்து எடுப்பார்கள். அதை விட்டுக் கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி (முதலாண்டு மருத்துவ மாணவர்): மனிதக் கருவுக்குச் செவுள் உண்டு என்கிறார்களே, உண்மையா?

செவுள் ஒருபோதும் இல்லை, தம்பி. தொண்டையின் இருபுறமும் எழும் வளைவுகள் மீனில் செவுளைத் தாங்குகின்றன. நம்மில் அவையே தாடையாகவும், நடுக்காதின் சிற்றெலும்புகளாகவும், நாவடி எலும்பாகவும், குரல்வளையாகவும் மாறுகின்றன. ஐந்தாம் வளைவு நம்மிடம் நிலைப்பதில்லை என்பதால் 1, 2, 3, 4, 6 என்றே எண்ணுகிறோம். இரண்டாம் வளைவு கீழ்நோக்கி வளர்ந்து அடுத்தவற்றை மூடிவிடுகிறது. அந்த மூடல் முழுமையாகாதபோதுதான் கழுத்துப் பக்கத்தில், சாய்ந்து செல்லும் பெரிய தசையின் முன்னோரத்தில், கசியும் ஊசித்துளை தங்குகிறது.

கேள்வி (வாலாஜாபேட்டை): மகளின் காதுக்கு முன்னால் சிறு துளை இருக்கிறது. ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. வெளிக்காது ஆறு சிறு முடிச்சுகள் கூடி உருவாவது. அவற்றின் சேர்க்கையில் விட்டுப்போன இடைவெளியே அத்துளை. செவித்திறனை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். அழுத்திப் பிதுக்க வேண்டாம். வீங்கிச் சீழ் வைத்தால் மட்டும் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.