கூடாரத்தின் உட்புறம் நனைந்தால் 5000 மி.மீ. நீர்த்தாங்குதிறன் உள்ள கூடாரம் வாங்க வேண்டுமா?

வேண்டாம். பினாங்கின் பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் பெய்யும் மழைக்கு, கூடாரத்தின் மேல் நீங்கள் போடும் 3000 மி.மீ. மழைத்துணியான மேல்விரிப்பே தாராளம். துணி கசியாமல் எவ்வளவு உயர நீரைத் தாங்கும் என்பதுதான் அந்த எண். கூடாரத்தின் மேல் விழும் மழைக்கு அந்த அளவு போதும்.

காலையில் சுவர் முழுவதும் பொடிப்பொடியாக நீர் படிந்திருந்தது என்கிறீர்கள். அப்படி நீர் படிய, உள்ளே தூங்கிய நான்கு பேரின் மூச்சும் பினாங்கின் புழுக்கமும் போதாதா? சாரலுக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை மூடியிருப்பீர்கள்.

வீட்டு முற்றத்தில் ஆளில்லாமல் கூடாரத்தை நிறுத்தி, குழாய்நீரை அடித்துப் பாருங்கள். உள்ளே வறண்டிருந்தால் காற்றோட்டக் குறைதான். தையலோரம் சொட்டினால் தையல் பசை பூசுங்கள், போதும்.

மேல்விரிப்பின் உட்பூச்சு விரலில் பிசுபிசுத்து உரிந்தால் மட்டும் கதை வேறு. ஈரத்தோடு மடித்து வைத்த கூடாரம் நம் ஊர் வெப்பத்தில் அப்படித்தான் கெடும். அதற்குப் பசை உதவாது, மேல்விரிப்பை மாற்றிவிடுங்கள்.